தொற்றுநோய்க் காலத்தில் மருந்துக்கடைக்குள் முதலில் எதை மாற்ற வேண்டும்?

கடைக்கு வருபவர்களும் உள்ளே வேலை செய்பவர்களும் பாதுகாப்பாக இருக்க, மருந்துக்கடையின் உள்ளமைப்பை எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருந்தாளுநர். 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்ததும் நாங்கள் செய்த முதல் வேலை, கவுண்டரில் பிளாஸ்டிக் தடுப்பு மாட்டியதுதான். இன்னொரு முறை அப்படி ஒரு நிலை வந்தால் அதைக் கடைசியில்தான் செய்வேன். முதலில் காற்றைப் பார்ப்பேன்.

இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகளைத் தடுப்பு நிறுத்தும். பேசும்போது, மூச்சு விடும்போது வரும் நுண்துளிகள் அதைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். மூடிய அறையில் நெடுநேரம் மிதக்கவும் செய்யும். எங்கள் பின்கதவை மறைத்துப் பல வருடங்களாக அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைத்திருந்தோம். நாம் வெளிவிடும் மூச்சு அறையில் எவ்வளவு தேங்குகிறது என்று காட்டும் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கி வைத்த பிறகுதான் அது உறைத்தது. வெளிக்காற்றில் அளவு சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு). உள்ளே 800-க்குள் இருந்தால் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். ஐந்து பேர் நின்றாலே எங்கள் கடையில் அதைத் தாண்டியது. பெட்டிகளை அகற்றி, கதவைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டதும் எண் மளமளவென்று இறங்கியது. ஒன்றை மறக்க வேண்டாம்: கதவைத் திறந்தால் வெப்பமும் உள்ளே வரும். மருந்து ஷெல்ஃபில் ஒரு வெப்பமானி தொங்கட்டும்.

அப்புறம் கூட்டம். மாதாமாதம் ஒரே மருந்து வாங்குபவர்கள் உள்ளே வரத் தேவையே இல்லை. மருந்துச்சீட்டைப் போனில் அனுப்பச் சொல்லி, கட்டி வைத்து, வாசலிலேயே கொடுத்துவிடலாம். இடைவெளிக்காக நாற்காலிகளை எல்லாம் எடுத்துவிட்டோம், அது தவறு. காய்ச்சலோடு வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த அன்றே இரண்டைத் திரும்பப் போட்டோம், திறந்த வாசல் பக்கமாக.

தடுப்பால் வந்த பெரிய சிக்கலை நாங்கள் யோசிக்கவே இல்லை. மாஸ்க்கும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் பேச்சு காதில் விழாது. வயதான ஒரு அம்மா குனிந்து, மாஸ்க்கை இறக்கி, தடுப்பின் கீழ்ச்சந்தில் வாயை வைத்துத் தன் சிறுநீர்த் தொற்றைப் பற்றிக் கேட்டார். பின்னால் வரிசையில் நான்கு பேர். பாதுகாப்பும் போச்சு, அந்தரங்கமும் போச்சு. அன்று மாலையே ஜன்னலோரம் ஒரு மூலையைக் காலி செய்து, ஒரு சமயத்தில் ஒருவர் மட்டும் நின்று பேச வைத்தோம். மருந்து எப்போது, எத்தனை என்று கவர் மேல் பெரிய எழுத்தில் எழுதி, வாங்குபவரையே ஒரு முறை திருப்பிச் சொல்லச் சொல்வோம். சத்தம் போடும் வேலை பாதியாகக் குறைந்தது.

கை கழுவ வசதி, 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள சானிடைசர், கவுண்டரையும் கைப்பிடிகளையும் துடைப்பது: இவை போதும். ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கடைக்குள் நாங்கள் மாஸ்க்கைக் கழற்றும் ஒரே இடம் ஊழியர்கள் சாப்பிடும் பின்னறை. கவுண்டரில் அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு அங்கே மூன்று பேராக நெருங்கி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் பின் ஒருவராகச் சாப்பிடும்படி நேரத்தைப் பிரித்து, அந்த அறை ஜன்னலையும் திறந்து வையுங்கள்.