பள்ளி நாட்களில் சிறு பிள்ளைகளுக்குக் காலையில் என்ன கொடுப்பது?

கேள்வி கேட்டவர் மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். ஆறு வயது மகள் காலையில் ஒரு டம்ளர் பால் மட்டும் குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறாள், அது போதுமா? போதாதென்றால் வேறு என்ன கொடுப்பது? "பசிக்கலை" என்று அடம்பிடித்தால் ஊட்டிவிட்டாவது அனுப்ப வேண்டுமா?

நான் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வீட்டிலும் அந்த வயதில் ஒருத்தி, அவளைவிடச் சின்னவன் ஒருவன் இருக்கிறார்கள். மருத்துவமோ உணவியலோ படித்ததில்லை. வகுப்பில் பார்ப்பது, வீட்டில் நடப்பது, ஆர்வத்தில் படித்துத் தெரிந்துகொண்டது ஆகியவற்றை வைத்துத்தான் சொல்கிறேன்.

காலையில் சரியாகச் சாப்பிடாத பிள்ளையை முதல் பாடவேளையில் கண்டுபிடிக்கவே முடியாது. எல்லாரையும் போலத்தான் ஓடும், கத்தும். இரண்டாம் பாடவேளை பாதி தாண்டியதும் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். கன்னத்தை மேசையில் சாய்த்துக்கொண்டு எழுதும். பென்சில் முனை உடையாமலே உடைந்துவிட்டது என்று எழுந்து வரும். பக்கத்துப் பிள்ளை ரப்பரைத் தொட்டதற்கெல்லாம் கண்ணீர் வரும். அப்புறம் "மிஸ், வயிறு வலிக்குது." காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், பால் என்றோ பிஸ்கட் என்றோ பதில் வரும். இடைவேளையில் டப்பாவைத் திறந்து நாலு வாய் உள்ளே போனதும் அந்த வயிற்றுவலி போன இடம் தெரியாது. பசியைப் பசி என்று சொல்லத் தெரியாத வயது. பெரியவர்கள் நாம் அதைச் சேட்டை என்றோ கவனக்குறைவு என்றோ டைரியில் எழுதி அனுப்பிவிடுகிறோம்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். பெரியவர்கள் சும்மா இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் சுமார் 20 சதவீதம் மூளைக்குப் போகிறது. ஐந்து, ஆறு வயதில் அது பாதிக்கும் மேல். இரவில் சாப்பிடாத நேரம் முழுக்க மூளைக்குச் சர்க்கரை போய்க்கொண்டிருக்க வேண்டும். கல்லீரல் கிளைகோஜன் என்ற வடிவில் சேர்த்துவைத்த சர்க்கரையிலிருந்துதான் அது பெருமளவு வருகிறது. குழந்தையின் கல்லீரல் சின்னது, மூளையோ உடம்பின் அளவுக்குப் பெரியது. அதனால் இருப்பு நம்மைவிடச் சீக்கிரம் குறைந்துவிடும். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை காலை ஏழு மணிக்கு எதுவும் சாப்பிடாமல் கிளம்பினால், பத்தரை மணி இடைவேளைக்குள் பதினாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. பெரியவர்களே அத்தனை நேரம் சாப்பிடாமல் இருந்தால் எரிந்து விழுவோம்.

அதற்காகக் காலையில் சாப்பிட்டால் மதிப்பெண் கொட்டும் என்று சொல்ல வரவில்லை. ஜமைக்காவின் கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் ஒரு கல்வியாண்டு காலை உணவு கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1998இல் வெளியானது. பிள்ளைகளின் வருகையும் உயரமும் எடையும் கொஞ்சம் கூடின. சின்ன வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சற்று முன்னேறினார்கள். எல்லாமே கொஞ்சம்தான். ஆனால் வகுப்பில் நிற்பவருக்கு அந்தக் கொஞ்சம் நன்றாகவே தெரியும்.

சரி, தட்டுக்கு வருவோம். மாவுச்சத்து ஒன்று, கூடவே புரதம் ஒன்று, கொஞ்சம் பழமோ காயோ, குடிக்கத் தண்ணீர். இவ்வளவுதான் என் கணக்கு. மாவுச்சத்து எந்த வீட்டிலும் விட்டுப்போவதில்லை. புரதம்தான் விட்டுப்போகிறது. ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுத்தாலோ, கஞ்சியில் சர்க்கரை மட்டும் போட்டுக் கொடுத்தாலோ பிள்ளை ஆசையாகச் சாப்பிடும். ஆனால் அது சீக்கிரம் செரித்து, இடைவேளைக்கு முன்பே பசி வந்துவிடும். அதே ரொட்டியோடு ஒரு முட்டை, அதே கஞ்சியில் ஒரு கை வேகவைத்த பருப்பு அல்லது பொடித்த வேர்க்கடலை சேர்ந்தால் வயிறு மெதுவாகக் காலியாகும், தாக்குப்பிடிக்கும்.

புரதம் என்றதும் பயந்து பொடி டப்பா வாங்க வேண்டியதில்லை. ஆறு வயதுக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவைப்படுவது ஏறத்தாழ 20 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. முட்டை சாப்பிடாத வீடு என்றால் பருப்பு, சுண்டல், தயிர், வேர்க்கடலை என்று எத்தனையோ வழி. எங்கள் வீட்டில் சின்னவன் வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை விரலால் தோண்டியெடுத்து, தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு வெள்ளையை மட்டும் தின்பான். அதே முட்டையை அடித்து ஊற்றிச் சுருட்டிக் கொடுத்தால் ஒரு துணுக்குக்கூட மிஞ்சாது. பொருளை மாற்றுவதற்கு முன் வடிவத்தை மாற்றிப் பாருங்கள்.

உங்கள் முதல் கேள்வி, பால் மட்டும் போதுமா? போதாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1,400 கலோரி என்று வைத்துக்கொண்டால், அதில் கால் பங்காவது காலையில் போக வேண்டும், அதாவது 350. ஒரு டம்ளர் பாலில் 130 வந்தாலே அதிகம். பாலில் இரும்புச்சத்தும் கிட்டத்தட்ட இல்லை. இதைவிடப் பெரிய சிக்கல், அந்தச் சின்ன வயிற்றைப் பால் நிரப்பிவிடும். எழுந்தவுடன் பாலைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் சாப்பிடச் சொன்னால் பசிக்கவில்லை என்று சொல்வதில் என்ன ஆச்சரியம்? வரிசையை மாற்றுங்கள். முதலில் சாப்பாடு, அதோடு அல்லது அதற்குப் பிறகு பால். எழுந்தவுடன் தண்ணீர் மட்டும் போதும். டீ இந்த வயதுக்கு வேண்டாம். அதிலுள்ள டானின் உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாது. பழத்தின் வைட்டமின் சி அதற்கு நேர்மாறாக உதவி செய்யும். பழத்தைப் பிழிந்து சாறாகக் கொடுக்காமல் பழமாகவே கொடுங்கள். நார்ச்சத்து எல்லாம் சக்கையோடு போய்விடுகிறது.

பெட்டியில் வரும் தானிய உணவுகளும் பாலில் கலக்கும் சத்துமாவுப் பானங்களும் அவசரத்துக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பெட்டியின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். பின்பக்கத்தைத் திருப்பி, 100 கிராமுக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்ற வரியை மட்டும் பாருங்கள். 30 என்று போட்டிருந்தால், கிண்ணத்தில் கொட்டுவதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,400 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் என்பது சுமார் 17 கிராம், நாலு டீஸ்பூன். காலையிலேயே அது தீர்ந்துபோனால் மாலை மிட்டாய்க்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் இத்தனை சத்துக் கணக்கையும்விட நேரம்தான் பெரிய விஷயம் என்பது என் எண்ணம். காலையில் சாப்பிடாத பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சமையலில் குறை இருக்காது. எழுந்து இருபது நிமிடத்தில் வாசலில் நிற்க வேண்டிய நிலைமை இருக்கும். தூக்கம் கலையாத வாய்க்குள் எதைத் திணித்தாலும் அது கன்னத்தில்தான் தங்கும். எழுவதற்கும் கிளம்புவதற்கும் நடுவில் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும் என்றால் முந்தின இரவு சீக்கிரம் படுக்க வேண்டும். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள். இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு என்றால் தூக்கமும் கெடும், காலைப் பசியும் இருக்காது. நாளைய காலைச் சாப்பாட்டை இன்று மாலையில்தான் சரிசெய்ய முடியும்.

இந்த நேரக் கணக்கில் யாரும் பேசாத ஒன்று கழிப்பறை. வயிற்றுக்குள் உணவு போனதும் பெருங்குடல் அசையத் தொடங்கும், அது உடம்பின் இயல்பு. சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் பிள்ளைக்குப் போக வேண்டும்போல இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளை வேனில் உட்கார்ந்திருந்தால் அடக்கிக்கொள்ளும். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பல பிள்ளைகளுக்குப் பிடிக்காது, நாள் முழுக்க அடக்கும். அடக்க அடக்க மலச்சிக்கல், மலச்சிக்கல் வந்தால் பசி குறையும், மறுநாள் காலையில் மறுபடி "பசிக்கலை." சாப்பிட்டு முடித்தபின் அவசரமில்லாமல் ஒரு பத்து நிமிடம் கழிப்பறைக்கு என்று ஒதுக்குங்கள். சில வீடுகளில் இந்த ஒன்றை மாற்றினாலே சாப்பாட்டுச் சண்டை பாதி குறைந்துவிடும்.

ஊட்டிவிடலாமா என்று கேட்டீர்கள். உடம்பு சரியில்லாத நாளில் ஊட்டுங்கள், கொஞ்சலுக்கு ஊட்டுங்கள். தினமும் போனைக் காட்டி, வாய் திறக்கும் நேரம் பார்த்துத் திணிப்பது வேண்டாம். திரையைப் பார்க்கும் பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்ததே தெரியாது. என்ன, எப்போது, எங்கே என்பதை நாம் முடிவு செய்வோம், எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். பெரிய தட்டில் மலைபோல வைத்தால் பார்த்ததுமே மலைத்துவிடும். கொஞ்சமாக வைத்து, கேட்டால் இன்னும் வையுங்கள். பாதியோடு எழுந்துவிட்டால் திட்டாமல், இடைவேளை டப்பாவைக் கனமாக்கிவிடுங்கள். வாழைப்பழம், சுண்டல், வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி என்று எதுவும் சரிதான். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் முழுக் கடலைகள் வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள். ஓடிக்கொண்டோ வேனில் குலுங்கிக்கொண்டோ சாப்பிடுவதும் இதே காரணத்துக்காக வேண்டாம்.

தினமும் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற பதற்றமும் தேவையில்லை. ஒரே உணவு நமக்குத்தான் அலுக்கும். இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த உணவே பிடிக்கும். மூன்று நாலு வகையைச் சுற்றிச் சுற்றிச் செய்தால் போதும், மற்றச் சத்துகளை மதியமும் இரவும் பார்த்துக்கொள்ளும். புதிய உணவைப் பழக்க விடுமுறை நாளே நல்லது. ஒரு புதிய பொருளைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். பள்ளி நாள் காலையில் அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை இருக்கிறது?

இதையெல்லாம் செய்தும் வாரக்கணக்கில் காலையில் எதுவுமே இறங்கவில்லை, எடை ஏறவில்லை, முகம் வெளுத்திருக்கிறது, காலையில் அடிக்கடி வாந்தி என்றால் வீட்டுப் பக்குவத்தில் நாளைக் கடத்தாதீர்கள். அப்புறம் ஒன்று, மண், சுவரின் சுண்ணாம்பு, சாக்பீஸ் தின்னும் பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன். கரும்பலகைக்குக் கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். அடித்து நிறுத்தும் கெட்ட பழக்கமாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள், இரும்புச்சத்துக் குறைவால் அப்படி நடக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டி ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.