ஹ்மாங் துணியை வெட்டலாமா, அச்சடிக்கலாமா?

கேள்வி: கோவையில் சின்ன பொட்டிக் நடத்துகிறேன். தாய்லாந்து போனபோது, சியாங் மாயில் வரோரோட் சந்தையை ஒட்டிய சந்தில் ஹ்மாங் மக்களின் துணிகள் கிடைத்தன. பழைய பாவாடைத் துண்டுகள், சதுரமான ஒட்டுத்துணி வேலை இரண்டு, குழந்தையை முதுகில் கட்டும் துணி ஒன்று, அவுரி நீலத்தில் பாட்டிக் (மெழுகால் வரைந்து சாயமேற்றிய துணி) கொஞ்சம். இவற்றைக் கொண்டு ஜாக்கெட், குர்தா என ஒரு சிறு கலெக்‌ஷன் போட ஆசை. வெட்டலாமா? சாயம் போகுமா? கையிருப்பு தீர்ந்தபின் டிசைனை ஸ்கேன் செய்து காட்டனில் டிஜிட்டல் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிரிண்ட் வேண்டாம். மற்ற இரண்டுக்கும் வழி இருக்கிறது. ஹ்மாங் துணியைக் காசு கொடுத்து வாங்கி, உங்கள் வெட்டில் தைத்து, செய்தவர்கள் யார் என்று சொல்லி விற்பது நல்ல வியாபாரம். துணியை விட்டுவிட்டு அதன் படத்தை மட்டும் எடுத்துவருவது வேறு கணக்கு. அதைப் பின்னால் விளக்குகிறேன். முதலில் பெட்டியைத் திறந்து, கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஹ்மாங் மக்கள் தென் சீனாவிலிருந்து வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து மலைகளுக்குப் பரவியவர்கள். லாவோஸ் போரில் அமெரிக்கா பக்கம் நின்ற பலர் 1975-க்குப் பிறகு மேகாங் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்து அகதி முகாம்களுக்கு வந்து, அங்கிருந்து அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்று போனார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வென்ற சுனிசா லீ அந்தச் சமூகத்துப் பெண்தான். வெள்ளை ஹ்மாங், பச்சை ஹ்மாங் என்று உட்பிரிவுகள் உண்டு. உடையிலேயே வித்தியாசம் தெரியும். வெள்ளைப் பிரிவுப் பெண்களின் விழாப் பாவாடை சாயமே ஏறாத வெண்மை. பச்சைப் பிரிவினர், சிலர் நீல ஹ்மாங் என்றும் சொல்வார்கள், அவுரி பாட்டிக் போட்ட மடிப்புப் பாவாடை கட்டுவார்கள். உங்களிடம் இருக்கும் பாவாடைத் துண்டுகள் பெரும்பாலும் இவர்களுடையவை.

அந்தச் சந்தைகளில் கைவேலையும் ஆலைத் துணியும் ஒரே கொடியில் தொங்கும். உங்கள் பாட்டிக்கைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு போட்டுச் சாயத்தில் முக்கியெடுத்த துணியில் இரண்டு பக்கமும் நீலம் ஏறக்குறைய ஒரே அளவுக்கு ஏறியிருக்கும். அச்சடித்த துணியின் பின்பக்கம் வெளுத்திருக்கும். பிறகு ஒரு லென்ஸ் வைத்துக் கோடுகளைப் பாருங்கள். மூங்கில் கைப்பிடியில் மெல்லிய செம்புத் தகடுகளை அடுக்கிக் கட்டிய கருவியை உருக்கிய தேன்மெழுகில் தொட்டு, ஒவ்வொரு கோடாக இழுப்பார்கள். அதனால் கோடும் கோடும் சந்திக்கும் மூலையில் மெழுகு சற்றே தேங்கி, வெள்ளை ஒரு புள்ளி அளவு தடித்து நிற்கும். மெழுகு வெடித்த இடத்தில் முடி போன்ற நீலக் கீற்றுகள் ஓடும். ஒரே கட்டம் இம்மி பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது இயந்திரம். சந்தேகம் தீரவில்லை என்றால், ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். ஹெம்ப் என்ற செடிநாரும் பருத்தியும் காகித வாடையோடு எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகும்.

ஆலைத் துணியாக இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். சீன ஆலைகளில் பாட்டிக் வடிவத்தைப் பாலியெஸ்டரில் அச்சடித்து, மடிப்பும் வைத்து வரும் பாவாடைகளை ஹ்மாங் பெண்களே புத்தாண்டுக்கு விரும்பிக் கட்டுகிறார்கள். எடை குறைவு, விலை குறைவு. கைவேலை என்று சொல்லி விற்காத வரையில் அதில் குற்றமில்லை.

ஹெம்ப் என்பது நம் ஊர்க் கோணிச் சணல் அல்ல. கஞ்சாக் குடும்பத்து நார்ச்செடி. தண்டிலிருந்து உரித்த நாரை முனையோடு முனை திரித்து நீட்டி, முறுக்கி, சாம்பல் நீரில் வேகவைத்து, குறுகிய தறியில் நெய்வார்கள். துணி ஒரு முழ அகலம்கூட வராது. நெய்து முடித்ததும் அதை உருளைக் கட்டையில் வைத்து, மேலே தட்டைக் கல்லைப் போட்டு, அந்தக் கல்லின் மேல் ஒரு பெண் ஏறி நின்று இடமும் வலமுமாக ஆடி ஆடித் தேய்ப்பார். கரடு போய்த் துணி மினுங்கும். இந்தக் குறுகிய அகலம் உங்கள் வெட்டை முடிவு செய்யும். பேட்டர்னை அகலத் துணிக்குப் போட்டுவிட்டு, பிறகு ஒட்டுப் போட்டு இழுக்காதீர்கள். ஹ்மாங் உடையே நீள்சதுரங்களைச் சேர்த்துக் கட்டியது. கிமோனோ மாதிரியான நேர்வெட்டு ஜாக்கெட், யோக் (தோள்பகுதித் துண்டு) வைத்த குர்தா, பட்டை பட்டையாகச் சேர்த்த ஓவர்கோட் இவற்றில்தான் அது பொருந்தி உட்காரும். ஆர்ம்ஹோல் வளைவுக்காக வளைத்து வெட்டினால் துணியும் வீண், வடிவமும் வீண்.

பாவாடைத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பாவாடைக்குப் பல மீட்டர் துணி போகும். மேலே வெறும் இடுப்புப் பட்டை, நடுவில் பாட்டிக், கீழே குறுக்குத் தையலும் ஒட்டுத்துணியும் சேர்ந்த கனமான கரை. முழுவதையும் நெருக்கமான மடிப்புகளாக எடுத்து நூலோட்டி இறுக்கி வைப்பார்கள். பழைய மடிப்பின் விளிம்பில்தான் துணி முதலில் நையும். ஆகவே அயர்ன் பாக்ஸை அழுத்தி அதை நிமிர்த்தக் கூடாது. ஈரத் துணியை மேலே போட்டுச் சற்று நேரம் இளக விட்டு, கையால் நீவுங்கள். நைந்த இடத்துக்கு அடியில் ‘வாயில்’ என்னும் மெல்லிய பருத்தித் துணியை வைத்து நூலோட்டிவிடுங்கள். பசை போட்ட கேன்வாஸ் ஒட்ட வேண்டாம். பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. கீழ்க்கரையைத் தனியாகப் பிரித்து எடுத்தால் கஃப், முன்பட்டை, குர்தா ஓரம் எல்லாவற்றுக்கும் வரும். நடு பாட்டிக் யோக்குக்கு நல்லது.

சதுரங்களில்தான் உங்கள் கட்டிங் மாஸ்டர் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இந்த வேலையைத் தலைகீழ் ஒட்டுத்துணி என்று சொல்லலாம். மேல்துணியை நான்காக, எட்டாக மடித்து, தோரணக் காகிதம் கத்தரிப்பது போலக் கீறி, விரித்து, வேறு நிறத் துணியின் மேல் வைப்பார்கள். பிறகு கீறிய விளிம்பை ஊசிமுனையால் உள்ளே தள்ளித் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத தையலால் பிடிப்பார்கள். கீறலுக்குள் அடித்துணியின் நிறம் கோடாகத் தெரியும். நத்தைச் சுருள், யானைப் பாதம், ஆட்டுக்கொம்பு எல்லாம் இப்படி வருபவை. உள்ளே மடங்கிய அந்த விளிம்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். நடுவில் கத்தரி வைத்தால் மடிப்பு வெளியே வந்து பூவே பிரிந்துவிடும். சதுரத்தை முழுதாக வையுங்கள்: ஜாக்கெட்டின் முதுகில், பாக்கெட்டாக, பையின் முகப்பாக. மூன்று நான்கு அடுக்கு சேரும் இடத்தில் மெஷின் ஊசி 16-ஆம் நம்பர் போடுங்கள். அல்லது கையாலேயே தைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஹ்மாங் வழக்கத்தில் வயதான பெற்றோருக்காகப் பிள்ளைகள் தரும் சதுரத் துணிகள் உண்டு. இறந்தவரோடு அடக்கம் செய்வதற்கானவை. அப்படிப்பட்ட ஒன்று யாரோ ஒருவரின் ஜாக்கெட் முதுகில் போவதைப் பார்க்கும் ஹ்மாங் முதியவருக்கு மனம் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். சந்தைக்கு வரும் சதுரங்களில் பெரும்பகுதி அகதி முகாம் காலத்திலிருந்தே விற்பனைக்கென்று, குஷன் உறை அளவில், செய்யப்பட்டவை. வெளிர் பழுப்பு, கருநீலம் போன்ற அடங்கிய நிறங்கள் இருந்தால் அநேகமாக அமெரிக்க வீடுகளை நினைத்துச் செய்தது, தயங்காமல் பயன்படுத்தலாம். மற்றதை, வாங்கிய கடைக்காரரிடமே படம் அனுப்பிக் கேளுங்கள். பதில் வரும்வரை வெட்டாதீர்கள்.

குழந்தையைக் கட்டும் துணியை வெட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. யாரும் தடை போடவில்லை, விற்றவர்களும் ஹ்மாங் மக்களே. ஆனால் அதில் இருக்கும் வடிவங்கள் குழந்தையின் உயிரைக் காப்பவை என்ற நம்பிக்கையோடு தைத்தவை. ஒரு குழந்தை அதில் தூங்கி வளர்ந்திருக்கிறது. கடைச் சுவரில் சட்டமிட்டு மாட்டுங்கள். கலெக்‌ஷன் எங்கிருந்து வந்தது என்று வாடிக்கையாளருக்குக் காட்ட அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

சாயம் நிச்சயம் போகும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. வெள்ளைப் பருத்தித் துண்டை நனைத்து, ஒவ்வொரு நிற நூலின் மேலும் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். சிவப்பும் ரோஸும்தான் அதிகம் கசியும். அவை கடையில் வாங்கிய ரசாயனச் சாய நூல்கள். அவுரியின் குணம் வேறு. அது தண்ணீரில் கரையாது. நாரில் ஒட்டாமல் மேலே தங்கிய தூள்தான் உரசும்போது உதிர்கிறது. அதனால் உப்பும் வினிகரும் ஊற்றி ‘சாயத்தை நிறுத்துவது’ அவுரிக்குப் பலிக்காது. குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பு அல்லது பூந்திக்கொட்டைத் தண்ணீரில், ஊறப் போடாமல் அலசுங்கள். தண்ணீர் ஓரளவு தெளியும்வரை திரும்ப அலசி, நிழலில் படுக்கையாகக் காயவையுங்கள். எம்பிராய்டரியில் சிவப்பு கசிந்தால் அந்தத் துண்டை அலசவே வேண்டாம். கழற்றி மாட்டும்படி பட்டன் வைத்துத் தையுங்கள். லைனிங் கருநீலமாக இருக்கட்டும். வெள்ளைப் பட்டோடு அவுரியைச் சேர்த்துத் தைத்தால் முதல் வாடிக்கையாளரே புகாரோடு திரும்பி வருவார்.

இனி பிரிண்ட் விஷயம். லாவோஸின் வடக்கில் ஓமா என்ற சிறு சமூகம் இருக்கிறது. ஹ்மாங் மக்களைப் போலவே கையால் ஒட்டுத்துணி வேலை செய்பவர்கள். 2019-ல் இத்தாலிய நிறுவனமான மாக்ஸ் மாராவின் உடைகளில் ஓமா வடிவங்கள் அப்படியே அச்சாக வந்திருப்பதாக, லுவாங் பிரபாங்கில் உள்ள பாரம்பரியக் கலை, இனவியல் மையம் பகிரங்கமாகக் குற்றம் சாட்டியது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். நிறங்களின் அடுக்குகூட ஒத்திருந்தது. பெயரும் இல்லை, காசும் இல்லை. அதன்பின் அந்த மையத்தினர் வலியுறுத்துவது மூன்று: ஒப்புதல், பெயர் சொல்லுதல், ஊதியம்.

சட்டத்தில் இதற்கு இடம் குறைவு. பரம்பரை வடிவத்துக்குத் தனி உரிமையாளர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. நம் நீலகிரித் தோடர் பூத்தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஏனென்றால் ஊரும் மக்களும் ஓரிடத்தில் இருக்கிறார்கள். பல நாடுகளில் சிதறிய ஹ்மாங் மக்களுக்கு அப்படி ஒரே பதிவு எளிதல்ல. நீங்கள் பிரிண்ட் போட்டால் கோவைக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை. அதனால்தான் முடிவு முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. ஒரு பெண் மாதக்கணக்கில் தைத்ததை மீட்டர் கணக்கில் அச்சடித்தால், அவருக்கு ஒன்றும் போகாது என்பதோடு, அடுத்த முறை அவர் சொல்லும் விலையும் ‘அதிகம்’ என்று தோன்ற ஆரம்பிக்கும்.

கையிருப்பு தீர்ந்தால் என்ன செய்வது? முறையை எடுத்துக்கொள்ளுங்கள், வடிவத்தை நீங்களே வரையுங்கள். தலைகீழ் ஒட்டுத்துணி பனாமாவின் குனா பெண்களிடமும் இருக்கிறது. யாருக்கும் அது தனிச்சொத்து இல்லை. நெருக்க மடிப்பு, மூன்று பட்டை அமைப்பு, நேர்வெட்டு எல்லாமே உங்கள் கைத்தறிப் பருத்தியில் உங்கள் தையல்காரர்களால் வரும்.

இன்னும் நல்லது, புதிதாக நெய்த துணியை வாங்குவது. பழசுதான் அசல் என்ற எண்ணம் வேண்டாம். ஹ்மாங் கைவேலை நின்றுவிட்ட ஒன்றல்ல. போரையும் ஆறு கடந்ததையும் உருவங்களாகத் தைத்த கதைத்துணி, அகதி முகாமில் பிறந்த புது வடிவம். அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் ஹ்மாங் கலை மையம் ஒன்று நடத்தும் ‘ஃப்ரெஷ் ட்ரெடிஷன்ஸ்’ ஃபேஷன் ஷோவில் ஹ்மாங் வடிவமைப்பாளர்களே பரம்பரைத் துணிகளை இன்றைய கவுனாகவும் கோட்டாகவும் மாற்றிக் காட்டுகிறார்கள். அவர்கள் வேலையைத் தேடிப் பாருங்கள். எதை மாற்றுகிறார்கள், எதைத் தொடாமல் விடுகிறார்கள் என்பது தெரியும். ஹனோயில் வூ தாவ் நடத்தும் கிலோமெட்109 நிறுவனம் ஹ்மாங், நுங் சமூகங்களின் கைவினைஞர்களோடு சேர்ந்து ஹெம்ப், அவுரி, பாட்டிக் துணிகளை உருவாக்கி, மிக எளிய இன்றைய வெட்டில் தைக்கிறது. துணி பேசட்டும் என்று வெட்டை அடக்கி வைக்கும் அந்த முறையைத்தான் உங்களுக்கும் சொல்வேன்.

வாங்குவதற்கு, வியட்நாமின் ஹா ஜியாங் மலைப்பகுதியில் லுங் தாம் ஹெம்ப் கூட்டுறவு 2001-லிருந்து ஹ்மாங் பெண்களால் நடக்கிறது. லுவாங் பிரபாங்கில் 2000-இல் தொடங்கிய ஒக் பொப் தொக், பல சமூகங்களின் கைவினைஞர்களோடு வேலை செய்கிறது. கேட்கும்போது மூன்றையும் கேளுங்கள்: நார் என்ன, சாயம் என்ன, எந்த ஊரில் யார் செய்தது. உங்கள் டேகில் அதையே எழுதுங்கள். வடிவத்தின் பொருளை மட்டும் அடித்துச் சொல்லாதீர்கள். நத்தைச் சுருளைக் குடும்பத்தின் தலைமுறைகள் என்பார்கள், ஆனால் ஊருக்கு ஊர், தைப்பவருக்குத் தைப்பவர் விளக்கம் மாறும். ‘ட்ரைபல் பிரிண்ட்’ என்று எழுதாமல் ஹ்மாங் என்று பெயரோடு எழுதுங்கள். ‘மேயோ’ என்று சில வியாபாரிகள் சொல்வதையும் தவிருங்கள், அது அவர்களைப் புண்படுத்தும் பெயர்.

ஆர்டரை முன்கூட்டியே கொடுங்கள். ஹெம்ப் விதைப்பும் அறுப்பும் பருவத்தைப் பார்த்து நடப்பவை; நெசவும் தையலும் வயல் வேலைக்கு நடுவில் நடப்பவை. தீபாவளிக்கு விற்க வேண்டிய துணியை ஆடியில் கேட்டால் கிடைக்காது. முன்பணம் பாதி கொடுத்து, முதல் முறை பத்துப் பதினைந்து மீட்டரோடு நிறுத்தி, வந்ததை ஒரு துண்டு அலசிப் பார்த்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள்.