உப்புத்தாள் தின்ற கியூ: வாசகர் கேள்வி-பதில்

கியூ வாங்கியவர்கள், செய்யச் சொல்லி முன்பணம் கொடுத்தவர்கள், பழுதுபார்க்கக் கொடுத்துப் பறிகொடுத்தவர்கள் என்று இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே பூல் மேசையைச் சுற்றி இருந்தன. புதியவர்களுக்கு மட்டும் ஒரு விளக்கம்: பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோல்தான் கியூ. கைப்பிடி உள்ள தடித்த பின்பாதி பட், மெலிந்த முன்பாதி ஷாஃப்ட், நுனியில் ஒட்டியிருக்கும் தோல் டிப், அதற்குக் கீழே உள்ள வெள்ளை வளையம் ஃபெரூல், இரண்டு பாதியும் திருகிச் சேரும் இடம் ஜாயின்ட்.

கே: இணையத்தில் வாங்கிய புதுக் கியூ, மேசையில் உருட்டினால் நொண்டுகிறது. "உங்கள் மேசைதான் சரியில்லை" என்கிறார் விற்றவர்.

மேசைத் துணியில் உருட்டிப் பார்த்தால் அப்படித்தான் சொல்வார்கள். தட்டையான கண்ணாடி மீதோ வழவழப்பான கல் மீதோ உருட்டுங்கள். முதலில் இரண்டு பாதியையும் கழற்றித் தனித்தனியே உருட்டிப் பார்க்கவேண்டும். எதிர்ப்பக்கம் விளக்கை வைத்து, மரத்துக்கு அடியில் தெரியும் வெளிச்சக் கீற்றைக் கவனியுங்கள். ஷாஃப்ட் நுனியை நோக்கிச் சிறுப்பதால் கீற்று எப்படியும் தெரியும். உருளும்போது அது விரிந்து சுருங்கினால்தான் மரம் வளைந்திருக்கிறது.

தனித்தனியே நேராக ஓடி, மாட்டிய பிறகு நொண்டினால் கோளாறு ஜாயின்டில் இருக்கும். அதன் முகப்பில் ஒரு துளி பசை காய்ந்திருந்தாலே போதும். துடைத்துவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். அப்போதும் நொண்டினால் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அனுப்பி, பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அதுவரை டிப்பைக்கூட மாற்றாதீர்கள். சூடுகாட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடமும் கொடுக்கவேண்டாம். அப்படி நிமிர்த்திய மரம் பெரும்பாலும் பழைய வளைவுக்கே போய்விடும். "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று சொல்ல விற்றவருக்கும் ஒரு வழி கிடைத்துவிடும்.

கே: கோடை முழுக்கக் கார் டிக்கியில் கிடந்த கியூ வளைந்துவிட்டது. வாரண்டியில் மாற்றித் தருவார்களா?

மாட்டார்கள். தரவேண்டியதும் இல்லை.

கே: முதல் கியூ வாங்கப் போகிறேன். கருங்காலி பட் நன்றாக அடிக்கும் என்கிறார்களே?

பந்தைத் தொடுவது டிப். அதற்கு அடுத்தது ஃபெரூல், பிறகு ஷாஃப்ட். கருங்காலி அழகான மரம்தான், ஆனால் உங்கள் பணத்தை முன்பாதியில் போடுங்கள். கடின மேப்பிளில் செய்த ஷாஃப்டாகப் பாருங்கள். ரேகை நெருக்கமாக, நுனியிலிருந்து ஜாயின்ட் வரை பக்கவாட்டில் விலகாமல் ஓடவேண்டும். நீளம் 58 அங்குலம், எடை 19 அவுன்ஸ் என்று தொடங்கினால் தப்பில்லை.

கே: டிப் மாற்றக் கொடுத்தேன். பளபளவென்று திரும்பி வந்தது, ஆனால் விரலில் பழைய பிடிப்பு இல்லை, அடியும் விலகிப் போகிறது. பழுதுபார்த்தவர் "சும்மா சுத்தம் செய்தேன், அதற்குக் காசுகூட வாங்கவில்லை" என்கிறார். என் மனப்பிரமையா?

பிரமை இல்லை. உங்கள் விரல் சொல்வதை நம்புங்கள். உங்களைக் கேட்காமல் உங்கள் மரத்தைத் தேய்த்து எடுத்திருக்கிறார்.

இந்த "இலவச சுத்தம்" எனக்குத் தீராத கோபம். டிப் மாற்ற ஷாஃப்டை லேத்தில் மாட்டுகிறார்கள். புது டிப்பை ஃபெரூலின் அளவுக்குக் கடைந்ததும் வேலை முடிந்தது. ஆனால் மரம் சுழன்றுகொண்டிருக்கிறது, உப்புத்தாள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஓர் இழுப்பு இழுத்தால், டிப் வழுக்காமல் இருக்கப் பூசும் நீல சாக்கின் கறை போய் மரம் வெளுத்துவிடும், வாடிக்கையாளர் முகம் மலரும். அந்த ஒரே காரணத்துக்காக இழுக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு தடவைக்கு 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட ஐந்தாவது டிப்பில் 13 மில்லிமீட்டர் ஷாஃப்ட் 12.5 ஆகிவிடும். அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் உருண்டைக் கம்பின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறி இறங்கும். அந்த அரை மில்லிமீட்டரில் விறைப்பு ஏறக்குறைய 15 சதவீதம் குறைகிறது. நுனியின் எடையும் குறைவதால், பக்கவாட்டுச் சுழற்சி கொடுத்து அடிக்கும்போது வெள்ளைப் பந்து விலகும் அளவும் மாறுகிறது. வருடக்கணக்கில் பழகிய குறி தப்புவது இதனால்தான்.

நானும் இதை அனுபவித்துத்தான் கற்றேன். என் முதல் நல்ல கியூவை ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பக் கொடுத்தேன். ஒருநாள் வெர்னியர் வைத்து விட்டத்தை அளந்தபோது மரம் 12 மில்லிமீட்டருக்கும் கீழே போயிருந்தது, ஃபெரூலுக்கும் மரத்துக்கும் நடுவில் நகம் தடுக்கும் படி ஒன்று விழுந்திருந்தது. புது ஷாஃப்ட் செய்வதைத் தவிர வழியில்லை. பழையதை இன்னும் வைத்திருக்கிறேன்.

சாக் கறையால் ஆட்டத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. வழுக்கலாக இருக்கவேண்டுமென்றால் லேசாக ஈரம் தொட்ட துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்து, தோல் துண்டால் சூடேறும்வரை தேயுங்கள். சின்ன நசுங்கலுக்கும் உப்புத்தாள் வேண்டாம். அந்த இடத்தில் மட்டும் ஈரத்துணியை வைத்தால் நசுங்கிய நார் உப்பி மேலே வரும், காய்ந்த பிறகு அதையும் தோலால் தேய்த்தால் போதும்.

இனி கொடுக்கும்போது ஃபெரூலுக்குக் கீழே ஓரிடத்திலும், அதிலிருந்து ஓர் அடி தள்ளி இன்னோரிடத்திலும் விட்டத்தை அளந்து, ரசீதில் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். "மரத்தைத் தொடக்கூடாது" என்ற வரியும் வேண்டும். எழுத மறுப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

கே: பட்டில் நான்கு கூர்முனை வேலைப்பாடு, "கையால் இழைத்துப் பொருத்தியது" என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆறு மாதத்தில் ஒரு முனை உரிந்து வருகிறது.

அது மரம் இல்லை, அச்சடித்த ஒட்டுப்படம். மேலே பூச்சு ஏற்றியிருப்பதால் புதிதில் கண்டுபிடிப்பது கடினம். உங்களைக் குறை சொல்லமாட்டேன், நானே ஒன்று வாங்கி ஒரு வருடம் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். பூதக்கண்ணாடியில் அச்சுப் புள்ளிகள் தெரியும், அவற்றைப் படம்பிடியுங்கள். படம் ஒட்டிய கியூவைப் படம் ஒட்டியது என்று சொல்லி விற்றால் அதில் தப்பே இல்லை. மரவேலை என்று சொல்லி விற்றது மோசடி. அந்த விளம்பர வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுத் தொகையையும் கேளுங்கள், பாதிக்குச் சமாதானம் ஆகாதீர்கள்.

கே: ஷாஃப்ட் பளபளக்க பாலியூரித்தேன் அடிக்கலாமா?

வேண்டாம், விரல் ஒட்டும். மெல்லிய சீலரும் மெழுகும் போதும்.

கே: அடிக்கும்போது உள்ளே ஏதோ அதிர்கிறது. ஜாயின்டையே மாற்றவேண்டும் என்கிறார் பழுதுபார்ப்பவர்.

முதலில் பட்டின் அடியில் உள்ள ரப்பரைக் கழற்றுங்கள். பல கியூக்களில் உள்ளே எடைக்காக ஒரு போல்ட் இருக்கும், அதை ஆலன் சாவியால் இறுக்குங்கள். அடுத்து ஃபெரூலை நகத்தால் தட்டிக் கேளுங்கள், விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். இரண்டும் சரியாக இருந்தால் பிறகு ஜாயின்டைப் பற்றிப் பேசலாம். அவர் ஏன் அங்கிருந்து தொடங்கினார் என்பதையும் கேளுங்கள்.

கே: கியூ செய்யச் சொல்லி முழுப் பணமும் கொடுத்து எட்டு மாதம். கேட்டால் "மரம் ஆறுகிறது" என்கிறார். ஏமாற்றா?

அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். நல்ல கைவினைஞர் ஷாஃப்டை ஒரே மூச்சில் கடையமாட்டார். கொஞ்சம் கடைந்து, வாரக்கணக்கில் தொங்கவிட்டு, மறுபடி கொஞ்சம் கடைவார். ஒவ்வொரு தடவையும் மரத்துக்குள் இருக்கும் இறுக்கம் தளர்ந்து அது அசையும். வளைவதை ஒதுக்கிவிட்டு வேறு மரத்தில் தொடங்குவார். இதற்கு மாதங்கள் ஆகும்.

ஆனால் மரம் ஆறுகிறது என்றால் மரம் என்று ஒன்று இருக்கவேண்டும் அல்லவா? அதன் படத்தை, இன்றைய விட்டத்தைக் குறித்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் வரவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்தில் கடிதம் அனுப்புங்கள். சரி, முழுப் பணத்தையும் ஏன் முதலிலேயே கொடுத்தீர்கள்? எந்த மரம், எந்த ஜாயின்ட், எடை எவ்வளவு, எந்த மாதம், வளைந்தால் யார் பொறுப்பு என்று ஒரு தாளில்கூட எழுதி வாங்கவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். இதைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது.

கே: பலபுஷ்கா பெயர் பொறித்த பழைய கியூவைப் பெரிய தொகைக்கு வாங்கினேன். ஆலையில் செய்தது என்கிறார்கள் இப்போது.

மிகவும் வருந்துகிறேன். ஜார்ஜ் பலபுஷ்கா 1959-ல் கியூ செய்யத் தொடங்கி, 1975-ல் இறக்கும்வரை செய்தவர். அவர் மறைவுக்குப் பிறகு அந்தப் பெயரில் ஆலைக் கியூக்கள் உரிமத்தோடு வந்தன, போலிகளும் வந்தன. அதனால் பெயர் பொறித்திருப்பது எதற்கும் சான்றாகாது. அவரே பல நேரங்களில் மற்றவர்கள் செய்த மரக்கட்டையை வாங்கித்தான் தன் கியூவை உருவாக்கினார், எனவே வேலைப்பாட்டை மட்டும் பார்த்தும் முடிவு கட்ட முடியாது. "அவர் கையால் செய்தது" என்று விற்றவர் எழுதிய செய்தி ஒன்று இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள், உங்கள் வழக்கே அதுதான். பழைய கியூக்களை நன்கு அறிந்த ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்கி அதனுடன் சேருங்கள்.

கே: அப்பா விளையாடிய கியூவை வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு அனுப்ப ஆசை. பட் தோதகத்தி (ரோஸ்வுட்), ஃபெரூல் யானைத்தந்தம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அனுப்பும் முன் எழுதினீர்களே, நல்லது. ஆப்பிரிக்க யானைத்தந்த வணிகத்துக்கு 1989-ல் பன்னாட்டுத் தடை முடிவானது. விற்பனை இல்லை, அன்பளிப்புதான் என்றாலும் உரிய அனுமதித்தாள் இல்லாமல் ஒரு சின்ன வளையம்கூடச் சுங்கத்தில் மாட்டும். தோதகத்தி இனம் முழுவதும் 2017 ஜனவரி முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. முடித்த பொருள்களுக்கு 10 கிலோ வரை விலக்கு உண்டு. ஆனால் பிரேசில் தோதகத்திக்கு விதி மிகக் கடுமை, அதனால் மரம் எது என்று தெரிந்தவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

என் யோசனை இது. பட்டில் வேறெங்கும் தந்தம் இல்லையென்றால் அதை மட்டும் தம்பிக்கு அனுப்புங்கள், தந்த ஃபெரூல் உள்ள ஷாஃப்ட் உங்களிடமே இருக்கட்டும். தம்பி அங்கேயே மேப்பிளில் புது ஷாஃப்ட் செய்துகொள்ளலாம். அதற்கு முன் ஜாயின்ட் திருகின் அளவைச் சரியாகக் குறித்து அனுப்புங்கள். 5/16 அங்குலத் திருகில் அங்குலத்துக்கு 14 புரி, 18 புரி என்று இரண்டு உண்டு. பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒன்றில் மற்றது ஏறாது.