ஐ7 என்ற பெயர் மட்டும் கேம் ஓட்டாது

கேள்வி: என் மகன் இந்த வருடம் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்கிறான். படிக்கவும் கேம் விளையாடவும் சேர்த்து ஒரே சிஸ்டமாக வேண்டும் என்கிறான். வேலோரன்ட், ஜிடிஏ 5 இரண்டும் தடங்கலில்லாமல் ஓட வேண்டுமாம். மானிட்டரையும் சேர்த்து 70,000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. பக்கத்துக் கடையில் ‘ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். பட்ஜெட்டில் மிச்சமே விழுகிறது. வாங்கலாமா? (திண்டுக்கல் வாசகி ஒருவர், கொட்டேஷனின் படத்துடன்)

பதில்: வேண்டாம் அம்மா. மிச்சமாகும் பணத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

கொட்டேஷனில் பெரிய எழுத்தில் ‘ஐ7’ என்று இருக்கிறது. அதன் பக்கத்தில் சின்னதாக 4770 என்று ஓர் எண் இருக்கிறதே, விஷயம் அதில்தான். ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ரகத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது. வயதைச் சொல்வது பின்னால் வரும் எண். 4770 என்றால் நான்காம் தலைமுறை, 2013-இல் வந்தது. 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2022-இல் வந்த ஐ3 12100எஃப்-இலும் அந்தப் பழைய ஐ7-இல் இருப்பதுபோலவே நான்கு கோர் (கணக்கிடும் மையம்), எட்டு திரெட்தான் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைகள்); ஆனால் வேகத்தில் அதை எளிதாகத் தாண்டிவிடும். இன்னொன்று: விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்ளும் இன்டெல் பிராசஸர்கள் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நான்கு வருடப் படிப்புக்கு வாங்கும் சிஸ்டம் முதல் நாளே காலாவதியாகி இருக்கக் கூடாது.

அடுத்து, ‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’. படத்தில் பார்த்தால் அது ஜிடி 730, 2014-இல் வந்த கார்டு. 4 ஜிபி என்பது அதன் நினைவகத்தின் அளவு, வேகத்தின் அளவு அல்ல. கல்யாணச் சமையலுக்கு மேடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அடுப்பு ஒற்றைத் திரி ஸ்டவ்வாக இருந்தால் பந்தி எப்போது முடியும்? ஜிபி என்பது மேடை, கார்டிலுள்ள சிப்தான் அடுப்பு. கடையில் ‘எத்தனை ஜிபி கார்டு’ என்று கேட்காதீர்கள், ‘எந்த மாடல்’ என்று கேளுங்கள்.

கேமிங் சிஸ்டத்தில் மற்ற எந்தப் பாகத்தையும்விட அதிகப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். உங்கள் 70,000-இல் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 24,000 வரை, அதற்கு ஒதுக்குங்கள். பிராசஸரும் மதர்போர்டும் (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை) சேர்ந்து 17,000-க்குள் இருக்கட்டும். மீதி 29,000-இல் மற்றதெல்லாம். விலை வாரத்துக்கு வாரம் மாறும். ஒன்றில் ஆயிரம் கூடினால் இன்னொன்றில் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் இந்த விகிதம் தலைகீழாகிவிடக் கூடாது.

கார்டில் என் முதல் பரிந்துரை ரேடியான் ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, 132 வாட் மட்டுமே எடுக்கும், 1080பி (ஃபுல் எச்டி) திரையில் பெரும்பாலான கேம்களை நன்றாக ஓட்டும். ஆனால் உங்கள் மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிறான். மெஷின் லேர்னிங் பக்கம் ஆர்வம் வந்தால், அங்கே பாடங்களும் மென்பொருள்களும் பெரும்பாலும் என்விடியா கம்பெனியின் ‘கூடா’ (CUDA) என்ற அமைப்பை நம்பித்தான் எழுதப்படுகின்றன. அவனிடமே கேட்டுப் பாருங்கள். அந்த எண்ணம் இருந்தால் விலை கொஞ்சம் கூடப்போனாலும் ஆர்டிஎக்ஸ் 3060 அல்லது 4060 வாங்குவதே சரி. ஆர்டிஎக்ஸ் 3050 வாங்கும்போது மட்டும் கவனம்: அதே பெயரில் 8 ஜிபி ஒன்றும் 6 ஜிபி ஒன்றும் உண்டு. 6 ஜிபி வகையில் நினைவகம் மட்டுமல்ல, சிப்பின் திறனும் குறைவு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கமே போக வேண்டாம், 4 ஜிபி இன்றைக்குப் போதாது. ‘ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி’ என்று மலிவாக ஒன்று சுற்றுகிறது. உண்மையான 580-இல் 2304 கோர்கள் இருக்கும், இதில் 2048-தான். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அந்த 2048-ஐ யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

பிராசஸருக்கு ரைசன் 5 5600 அல்லது ஐ5 12400எஃப். இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். எது விலை குறைவோ அதை எடுங்கள், வித்தியாசத்தை அவன் உணரப்போவதில்லை. இந்த இரண்டிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. அதனால் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினால் படம் வராது, கார்டில்தான் செருக வேண்டும். இதற்காகவே ‘புது சிஸ்டம் ஆன் ஆகவில்லை’ என்று எனக்கு வரும் அழைப்புகள் கொஞ்சமல்ல.

ஏஎம்டி-யின் புதிய பிராசஸர்களுக்கான ஏஎம்5 மதர்போர்டு வாங்கினால் பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் கட்டாயம், அதன் பிறகு கார்டுக்குப் பணம் மிஞ்சாது. ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ரேம் விலையே எகிறிவிட்டது. அதனால் முந்தைய வகையான டிடிஆர்4-இல் நில்லுங்கள். 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள், இரண்டு வழியில் தரவு போவதால் கேமில் தடுமாற்றம் குறையும். ஹார்ட் டிஸ்க் வேண்டாம். அதைவிடப் பல மடங்கு வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி 500 ஜிபியாவது இருக்கட்டும், முடிந்தால் 1 டிபி. ஜிடிஏ 5 ஒன்றே 100 ஜிபி அளவுக்கு இடம் பிடிக்கும்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் பாகத்துக்கு வருகிறேன்: எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி. உங்கள் கொட்டேஷனில் ‘கேபினெட் வித் 500 வாட் எஸ்எம்பிஎஸ்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள், கம்பெனி பெயர்கூட இல்லை. பல வருடங்களுக்கு முன் நண்பருக்கு ஒரு சிஸ்டம் அசெம்பிள் செய்தபோது, பட்ஜெட் இடித்ததால் இப்படிக் கேபினெட்டோடு வந்த ஒன்றையே போட்டுவிட்டேன். ஒரு மழை நாளில் மின்சாரம் போய் வந்தபோது அது தானும் கருகி, மதர்போர்டையும் கொண்டுபோனது. அன்றிலிருந்து இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. நான் சொல்லும் பாகங்கள் எல்லாம் சேர்ந்து கேம் ஓடும்போதும் பொதுவாக 300 வாட்டைத் தாண்டாது, எனவே 550 வாட் போதும். ஆனால் அது பெயருள்ள கம்பெனியின், ஐந்து வருட வாரன்டி உள்ள 550 வாட்டாக இருக்க வேண்டும். ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதைத்தான் சொல்லும், பாதுகாப்பைச் சொல்லாது. அதனால் வாரன்டியையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் அந்த பிளக் பாயின்ட்டுக்கு எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே 600 விஏ யுபிஎஸ் இருந்தால், அதன் தாங்குதிறன் 360 வாட் அளவுதான். இந்த சிஸ்டத்தையும் மானிட்டரையும் மட்டும் மாட்டுங்கள், பிரின்டரை வேறு பாயின்ட்டுக்கு மாற்றுங்கள்.

கேபினெட்டில் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போட்டதாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் காற்று உள்ளே போகாவிட்டால் கார்டு சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மானிட்டர் 24 அங்குலம், 1080பி, ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை), குறைந்தது 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 முறை படம் புதுப்பிப்பது).

பணம் மிகவும் நெருக்கினால் இன்னொரு வழி உண்டு. மகன் சொன்ன இரண்டுமே பெரிய கார்டு கேட்காத கேம்கள். உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி-யை இப்போது போட்டு, கார்டை அடுத்த வருடம் வாங்கலாம். தரத்தைக் குறைத்து வைத்தால் இரண்டும் ஓடும். ஆனால் அடுத்த வருடம் அவன் கேட்கப்போகும் கேமுக்கு அது போதாது என்பதை இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

அசெம்பிள் செய்பவரிடம் ஒன்று மறக்காமல் சொல்லுங்கள்: விண்டோஸ் 11-இல் வேலோரன்ட் ஓட பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளில்) டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அம்சங்களும் ஆன் ஆகியிருக்க வேண்டும். மொத்தமாக ஒரே தொகை போட்ட பில் வேண்டாம். ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வரி, மாடல், சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் வாரன்டி வேறு வேறு. பெட்டியோடு வரும் பிராசஸருக்கு மூன்று வருடம். பெட்டியில்லாமல் ‘ட்ரே’ என்று தருவதற்குக் கம்பெனி வாரன்டி கிடையாது. பணம் கொடுப்பதற்கு முன் மகனைக் கடையிலேயே உட்கார வைத்து, பில்லில் உள்ள மாடல் பெயர்களும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் தெரியும் பெயர்களும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஒரு கேமை ஓட்டியும் பார்க்கட்டும்.