அண்ணன் எறிஞ்ச டம்ளர்

சார் வணக்கம்,

என் மகன் 19 வயசுல பைக் ஆக்சிடென்ட்ல போயி வர்ற மாசத்தோட ரெண்டு வருஷம். காலேஜ்ல ஃபர்ஸ்ட், யார்கிட்டயும் அதிர்ந்து பேச மாட்டான், அப்படி ஒரு பிள்ளை. அவன் பேர்ல டிரஸ்ட் ரெஜிஸ்டர் பண்ணி வருஷம் பத்துப் பிள்ளைங்களுக்கு ஸ்காலர்ஷிப் தரலாம்னு இருக்கேன், ஊர்ல அவன் பேர் நிக்கணும். சொந்தக்காரங்க "இன்னும் எத்தனை நாளைக்கு இதையே நினைச்சிட்டு இருப்ப"ங்கிறாங்க. என் மனைவி நான் அவன் பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுறா. அவன் ஃபேஸ்புக்கை க்ளோஸ் பண்ணணுமா, அப்படியே விடணுமா, அதுவும் தெரியல. பொண்ணு இருக்கா, டென்த். ஒரு வழி சொல்லுங்க.

ஆர்., ஈரோடு

ஆர். சார்,

உங்க கடிதம் நாலு பக்கம், நான்தான் சுருக்கிப் போட்டிருக்கேன். போன வாரம் பரண்ல இருந்து பழைய பாத்திர மூட்டையை இறக்கினப்ப ஒரு டம்ளர் கையில தட்டுப்பட்டுச்சு, அதையே நினைச்சிட்டு இருந்தேன், அதுக்குள்ள உங்க மெயில். அதனாலதான் உடனே உக்காந்துட்டேன்.

சொந்தக்காரங்களை விடுங்க. உங்க முகத்தைப் பாத்தா அவங்க பிள்ளை பைக் சாவியை எடுக்கும்போது வயித்தைக் கலக்குது, அவ்ளோதான் விஷயம்.

டிரஸ்ட் தாராளமா பண்ணுங்க. ஆனா டீடு, ஆடிட்டர், நன்கொடைக்கு 80ஜி வரிச்சலுகை, வருஷாவருஷம் கணக்குன்னு போனா மகனை நினைக்கிறதைவிட ஆடிட்டரை நினைக்கிற நேரம் ஜாஸ்தி ஆயிடும், பாத்துக்கோங்க. பேர் நிக்கணும்ங்கிறீங்க. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் தம்பதி, ஒரே பையன், 1884ல ஃப்ளாரன்ஸ்ல டைஃபாய்டுல போயிட்டான், 16 கூட முடியல. அவன் பேர்ல ஒரு யுனிவர்சிட்டியே கட்டி 1891ல திறந்தாங்க. முழுப் பேர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் ஜூனியர் யுனிவர்சிட்டி. அந்த ஜூனியரை இன்னைக்கு வாயால சொல்றவங்க எத்தனை பேர்? பேர் நின்னுச்சு சார், பையன் எங்க?

2004 ஜூலை 16, கும்பகோணம் காசிராமன் தெரு ஸ்கூல். சத்துணவுக்கூடத்துத் தீ கீத்துக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைங்க போச்சு. வருஷாவருஷம் அதே தேதியில பெத்தவங்க படத்தை வச்சு, மாலை போட்டு, முன்னால அந்தந்தப் பிள்ளைக்குப் பிடிச்ச தின்பண்டத்தை வைக்கிறாங்க. எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கும்னு பெத்தவளைத் தவிர எவனுக்கும் தெரியாது. எந்த டிரஸ்ட் டீடுலயும் அதுக்குன்னு ஒரு கட்டம் கிடையாது.

இப்ப கோவமா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க, எடுத்துக்கிட்டாலும் பரவால்ல. நாலு பக்கத்துல உங்க பையன் ஒரு தப்பு கூடப் பண்ணல. ஒரு அரியர் இல்ல, ஒரு பொய் சொல்லல, தங்கச்சி தலையில ஒரு கொட்டு வைக்கல. இது என்ன சார் பிள்ளை, காலண்டர் சாமியா? உங்க வீட்டம்மா எந்திரிச்சுப் போறது மகன் பேச்சைத் தாங்க முடியாம இல்ல, நீங்க சொல்ற இந்த உத்தமனைத் தாங்க முடியாமன்னுதான் எனக்குப் படுது. அவங்க பெத்தது வேற ஒருத்தனை.

அப்புறம் அந்தப் பொண்ணு. நாலு பக்கத்துல மூணே மூணு வார்த்தை. "பொண்ணு இருக்கா, டென்த்." இருக்கான்னு உங்களுக்கே ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கிட்ட மாதிரி இருக்கு. இதை நான் சும்மா விட மாட்டேன், ஏன்னா நான் அந்தப் பொண்ணு மாதிரி வளந்தவன்.

எனக்கு மூத்தவன் 1968ல மூளைக்காய்ச்சல்ல போயிட்டான், ஏழு வயசு. நான் பொறந்தது 1970, பேரு நிலைக்கணும்னு அவன் பேரையே எனக்கு வச்சுட்டாங்க. முன் ரூம்ல அவன் போட்டோ, சந்தனமாலை, கீழ என் பேரு. ஸ்கூல் பசங்க வீட்டுக்கு வந்தா "என்னடா உன் படத்துக்கு மாலை போட்டிருக்காங்க"ன்னு கேப்பானுங்க, நான் சிரிச்சுட்டு வெளிய கூட்டிட்டுப் போயிடுவேன். நான் காபி குடிச்ச எவர்சில்வர் டம்ளர்ல புள்ளி புள்ளியா வெட்டின பேரு, 1967ன்னு வருஷம், என் பேருதான், ஆனா நான் பொறக்கவே இல்ல. விளிம்புல ஒரு நசுங்கல் இருக்கும், வாய் வைக்கும்போது இடிக்கும், திருப்பித்தான் குடிக்கணும். மார்க் குறைஞ்சா அப்பா திட்ட மாட்டார், போட்டோவை ஒரு பார்வை பார்ப்பார், "அவன் இருந்திருந்தா..."ன்னு பாதியில நிறுத்துவார். அதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம். மனுஷன் சாகிற வரைக்கும் அண்ணன் ஒரு தப்பும் பண்ணல, நான் பண்ணாத தப்பே இல்ல. சொல்லக் கூடாது, சொல்றேன், செத்துப்போன ஏழு வயசுப் பையன் மேல நாப்பது வருஷம் எனக்கு வெறுப்பு.

2014ல அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு, அப்பா போயி ரெண்டு வருஷம். ஒருநாள் அந்த டம்ளர்ல காபியை ஆத்திட்டே நசுங்கலைத் தடவிப் பாத்து திடீர்னு சிரிச்சாங்க. "ரெண்டாவது காபி தர மாட்டேன்னு சொன்னேன்டா, விட்டெறிஞ்சான் பாரு, அம்மிக்கல்லுல போய் டங்குன்னு விழுந்துச்சு. அன்னைக்கு ஓலை விசிறி பிய்யிற வரைக்கும் அடிச்சேன்." அப்புறம் அடுக்கினாங்க: பக்கத்து வீட்டுக் கோழியைத் தண்ணித் தொட்டியில முக்கினது, கடலைமிட்டாய் திருடிட்டு "தம்பி தின்னான்"னு சொன்னது, அப்ப தம்பியே கிடையாது. நான் வயிறு வலிக்கச் சிரிச்சேன். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்னு நாப்பத்தி நாலு வயசுலதான் தெரிஞ்சுது. அப்பா இருக்கிற வரைக்கும் அம்மா இதையெல்லாம் வாயைத் திறந்து சொன்னதில்ல, சொன்னா அவருக்குத் தாங்காதுன்னு.

அதனால ஸ்காலர்ஷிப் ஃபங்ஷனுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி, சாப்பிடும்போது அண்ணன் உன்னை எப்படியெல்லாம் படுத்துவான்னு பொண்ணுகிட்ட கேளுங்க. அவ முதல்ல உங்க முகத்தைத்தான் பார்ப்பா, சொல்லலாமா வேணாமான்னு. வீட்டம்மா எந்திரிக்கிறாங்களான்னும் கவனிங்க.

ஃபேஸ்புக் கேட்டிருந்தீங்க, மறந்தே போயிட்டேன். டெத் சர்டிஃபிகேட் கொடுத்தா நினைவுக் கணக்கா மாத்தித் தருவாங்க, ஒரு ஃபார்ம்தான். ஆனா மாத்திட்டா அப்புறம் யாரும் உள்ள போக முடியாது. அவசரப்படாதீங்க, பாஸ்வேர்ட் தங்கச்சிக்குத் தெரிஞ்சிருக்கும்.