மலை நமக்கு மேற்கே: சின்ன கேமராவில் இயற்கைக் காட்சி, கேள்வி பதில்

தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கத்து ஆட்கள் கேட்ட கேள்விகள் இவை. எல்லார் கையிலும் இருப்பது குறைந்த விலையில் வாங்கிய, இல்லையென்றால் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் கொடுத்த சின்ன காம்பேக்ட் கேமராதான். இயற்கைக் காட்சி எடுக்க அது போதும் என்பது என் கட்சி.

செல்வம், தென்காசி: அண்ணாச்சி, சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று குற்றால மலையை எடுத்தால் மலை கறுப்பாக வருகிறது, வானம் வெளுத்துப் போகிறது. கேமராவில் கோளாறா?

கேமராவில் ஒன்றும் இல்லை தம்பி, எடுக்கிற நேரம்தான் தப்பு. நமக்கு மலை மேற்கே. சாயங்காலம் சூரியன் அதற்குப் பின்னால் இறங்குவதால் நாம் பார்க்கிற பக்கம் முழுக்க நிழல். பெரிய கேமராக்களே அந்த வெளிச்ச வித்தியாசத்தில் திணறும். நம் கேமராவில் படம் பதிகிற சில்லான சென்சாரின் அகலம் 6 மில்லிமீட்டர்தான், பெரிய கேமராக்களில் வருகிற ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பில் ஏறக்குறைய 30-இல் ஒரு பங்கு, அது வானத்தையும் பாறையையும் ஒன்றாகப் பிடிக்காது. அதே மாடியில் காலையில் சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் நின்று பாருங்கள், வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து நேராக மலையில் விழும், பாறை மடிப்பு, ஓடை இறங்குகிற தடம் எல்லாம் தெரியும். தென்மலை, புனலூர் பக்கம் போனால் இது அப்படியே தலைகீழ். அங்கே மலை கிழக்கே, அதனால் சாயங்காலம்தான் அவர்களுக்கு நல்ல நேரம். ஆரியங்காவு கணவாயைத் தாண்டுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் ஒரே நாளில் இரண்டு பக்கமும் நல்ல படம் கிடைக்கும்.

சாயங்காலம்தான் எடுத்தாக வேண்டுமென்றால் மலையை நிழலுருவாகவே விட்டுவிடுங்கள். மெனுவில் கூட்டல் கழித்தல் குறியோடு இருக்கிற எக்ஸ்போஷர் அளவை −1-க்கு இறக்கினால் வானத்து நிறம் தங்கும்.

முத்துலட்சுமி, செங்கோட்டை: சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில் எடுத்த படங்களில் பூவெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, மஞ்சளும் திட்டுத் திட்டாக இருக்கிறது.

தங்கச்சி, நன்றாக விரிந்து முற்றிய சூரியகாந்தி சூரியனோடு சுற்றாது, கிழக்கே பார்த்து நின்றுவிடும். மொட்டும் இளஞ்செடியும்தான் திரும்பும். அதனால் தோட்டத்துக்குக் கிழக்குப் பக்க வரப்பில் நின்று மேற்கே பார்த்து எடுங்கள். பூ உங்களைப் பார்க்கும், பின்னால் மலை வரிசை வரும், காலை வெயில் இரண்டின் மேலும் விழும். பூ, மலை, வெயில் மூன்றும் இப்படிக் கூடி வருகிற இடம் நம் ஊர்ப் பக்கம் இருப்பது பெரிய கொடுப்பினை. ஆடி மாதம் சாரல் மேகம் மலை மேல் அடைந்து நிற்க, கிழக்கே மட்டும் வெயில் அடிக்கிற வேளை வாய்த்தால் விடாதீர்கள், கருநீல மேகத்துக்கு முன்னால் அந்த மஞ்சள் எடுப்பாக நிற்கும்.

திட்டு ஏன் வருகிறது என்றால், இலைகளின் கரும்பச்சையைப் பார்த்துக் கேமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, அதில் இதழின் வரிகள் அழிந்துவிடுகின்றன. −0.7 வையுங்கள். கொஞ்சம் இருட்டாக வந்ததை அப்புறம் மொபைலில் ஏற்றலாம், வெளுத்துப் போனதை மீட்கவே முடியாது. சாரல் காற்றில் பூ ஆடும் என்பதால் விளையாட்டுக்கான ஸ்போர்ட்ஸ் மோடில் போட்டால் ஷட்டர் வேகம் கூடும். உட்கார்ந்து, பூவின் உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுவந்து எடுங்கள். அப்புறம், தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு வரப்பில் நில்லுங்கள், செடியை மிதித்து உள்ளே போகாதீர்கள். அது அவர் வெள்ளாமை.

அப்துல், கடையநல்லூர்: டிஜிட்டல் ஸூம் போடலாமா?

வேண்டாம். மெனுவில் போய் அணைத்தே வைத்துவிடுங்கள். எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குகிற வேலைதான் அது, வீட்டில் வந்தும் செய்யலாம்.

ஜோசப், ஆரியங்காவு: இயற்கைக் காட்சிக்கு எஃப் 11 வை என்கிறார்கள். என் கேமராவில் எஃப் 8 வரைதான் இருக்கிறது. அதை வைத்தால் படம் மங்கலாக வருகிறதே?

அந்தக் கணக்கு பெரிய சென்சாருக்கு. எஃப் எண் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் கூடக் கூடத் துளை சுருங்கும். இத்தனை சின்ன சென்சாரில் துளையைச் சுருக்கினால் ஒளி விளிம்பில் பட்டுச் சிதறி, படம் முழுக்கக் கூர்மை குறையும். எஃப் 3, 4 அளவிலேயே விடுங்கள். ஸூம் செய்யாமல் அகலக் கோணத்தில் 2 மீட்டர் தள்ளி இருக்கிற ஒரு கல்லில் ஃபோகஸ் வைத்தால், 1 மீட்டரிலிருந்து மலை வரைக்கும் தெளிவாகவே விழும். சின்ன சென்சாரால் நமக்குக் கிடைக்கிற லாபம் இது. வெளிச்சத்துக்கான உணர்திறனைக் குறிக்கிற ஐஎஸ்ஓவை 80 அல்லது 100-இல் நிறுத்திவிடுங்கள், ஆட்டோவில் விட்டால் மேகமூட்டத்தில் தானாக ஏறிப் புள்ளி புள்ளியாக்கிவிடும்.

கார்த்திக், இலஞ்சி: அருவித் தண்ணீர் பால் மாதிரி வழிய வேண்டும், டிரைபாட் இல்லை.

கைப்பிடிச் சுவர் இருந்தால் போதும். துண்டை மடித்து அதன் மேல் கேமராவை வைத்து, 2 நொடி டைமர் போட்டு விட்டுவிடுங்கள், விரல் அழுத்துகிற ஆட்டம்கூட இருக்காது. ஷட்டர் கால் நொடி, அரை நொடி திறந்திருக்க வேண்டும், அதற்கு வெயில் ஏறுமுன் அல்லது நல்ல மேகமூட்டத்தில் போக வேண்டும். குற்றாலமோ பாலருவியோ, சாரல் லென்ஸில் தெறித்துக்கொண்டே இருக்கும், பழைய பருத்தித் துணி ஒன்று பையில் இருக்கட்டும். கிட்டே போய்த் தண்ணீரை மட்டும் எடுப்பதைவிட, தள்ளி நின்று பாறையையும் குளிக்கிற ஆட்களையும் சேர்த்தால்தான் அருவியின் உயரம் படத்தில் தெரியும்.

சுப்பையா, புளியரை: மலைச்சாலையின் எஸ் வளைவிலிருந்து கீழே வயலை எடுத்தால் ஒரே வெள்ளைப் புகையாக இருக்கிறது.

மதிய வெயிலில் தூசியும் ஈரமும் ஒளியைச் சிதறடிக்கிற நேரம் அது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை போங்கள் சார், தூசி கழுவிப் போயிருக்கும். போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால் லென்ஸுக்கு முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் நெல்லின் பச்சை சட்டென்று கூடும். சூரியன் உங்கள் பக்கவாட்டில் இருக்கும்போது பலன் அதிகம். எடுத்த பிறகு ஸ்னாப்சீட் என்கிற மொபைல் செயலியில் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் ஏற்றலாம். நிறத்தை மட்டும் அள்ளிக் கொட்டாதீர்கள், பிளாஸ்டிக் வயல் ஆகிவிடும்.

மாரியம்மாள், செங்கோட்டை: கழுதுருட்டி 13 கண் ரயில் பாலத்தைக் கீழிருந்து எடுத்தால் தூண்கள் சாய்ந்து விழுகிற மாதிரி இருக்கின்றன அண்ணாச்சி.

கேமராவை மேலே சாய்த்துப் பிடித்ததால் அப்படி. எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளிப் போய், கொஞ்சம் ஸூம் செய்து, கேமராவை நேராகப் பிடியுங்கள். கீழே தேவையில்லாத தரை நிறைய வந்தால் அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். பாலத்துக்கு நேர் எதிரே நிற்காமல் ஒரு ஓரத்தில் நின்றால் கண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போவது அழகு. 1904-இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய தடம் அது, 2018-இல் அகலப்பாதையாகி இப்போதும் ரயில் போகிறது. அதனால் படத்துக்காகத் தண்டவாளத்தில் ஏற வேண்டாம் தாயி. ரயில் வரும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு கீழே காத்திருந்தால், கல்தூண் மேல் பெட்டிகள் போகிற படமே கிடைக்கும்.