டிஸ்னி வேர்ல்ட் ரீஃபில் குவளை: நாலு பேருக்கும் வேண்டாம், ரெண்டு போதும்

ஆர்லாண்டோ பாப் செஞ்சுரி ஹோட்டலில் ஐந்து இரவு, பெரியவர்கள் ரெண்டு, பிள்ளைகள் ரெண்டு, ஒரு தடவை வாங்கி சோடா, காபி திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் ரீஃபில் குவளையைத் தலைக்கு ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

குவளை ஒன்று 20 டாலருக்கு மேல். வெளியே ஒரு கோக் நாலைந்து டாலர் ஆவதால் ஐந்தாறு முறை நிரப்பினாலே காசு தேறிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தக் குவளை ஹோட்டலில் இருக்கும் மெஷின்களில் வேலை செய்யும், மேஜிக் கிங்டம், எப்காட் போன்ற தீம் பார்க்குகள் உள்ளே செல்லாது. அடியில் சிப் இருப்பதால் தங்கும் நாள் முடிந்ததும் மெஷின் ஊற்றாது. அடுத்த பயணத்துக்குப் பத்திரப்படுத்தியும் பயனில்லை.

அதனால் ஹோட்டலில் எத்தனை மணி நேரம் இருப்பீர்கள் என்பதுதான் கேள்வி. காலை ஏழரைக்கு பஸ் பிடித்து, வாணவேடிக்கை முடிந்து திரும்பும் ஆட்கள் என்றால் காலையில் ஒரு காபி, ராத்திரி ஒரு கப், அவ்வளவுதான். அதுவும் மெஷின் இருப்பது ஃபுட் கோர்ட்டில். தள்ளியுள்ள கட்டடத்தில் அறை கிடைத்தால், கால் வலியோடு சோடாவுக்காக யார் நடப்பது?

நடுவில் ஒரு நாள் நீச்சல் குளத்துக்கென்று ஒதுக்கியிருந்தால் கணக்கு மாறும். அப்போதும் காபி குடிப்பவருக்கு ஒன்று, சோடா பிரியருக்கு ஒன்று போதும். ஒரே குவளையை எல்லோரும் பகிர்வது விதிப்படி கூடாது. காபி சுமார்தான், ஃபில்டர் காபி நாக்கோடு போகாதீர்கள்.

பார்க்கில் சோடா விற்கும் குவிக் சர்வீஸ் (நாமே போய் வாங்கிக்கொள்ளும்) கவுன்டர்களில் ஐஸ் தண்ணீர் இலவசம், தயங்காமல் கேளுங்கள். குழாய்த் தண்ணீர் வாடை பிடிக்காவிட்டால் எலுமிச்சை பொடி பாக்கெட் கொண்டுபோங்கள்.